பனிக்காலத்துத் தேனீக்கு வெல்லம் ஆகாது

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் மார்ச் மாதத்தில் தேனீப் பெட்டியைத் திறப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. அடையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தேனீக்கள் செத்துக் கிடக்கும். ஒவ்வொன்றும் தலையைக் கண்ணறைக்குள் நுழைத்திருக்க, வயிற்றின் நுனி மட்டும் வெளியே தெரியும். அனுபவசாலிகள் பார்த்த மாத்திரத்தில் பட்டினிச் சாவு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே பெட்டியில் ஒன்றிரண்டு சட்டம் தள்ளி, மெழுகு மூடி உடையாத தேன் ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ அப்படியே இருக்கும்.

கைக்கெட்டும் தூரத்தில் தேன் இருந்தும் ஏன் பட்டினி? இதற்குப் பதில் தெரிந்தால், குளிர்காலத்தில் தேனீக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

குளிர்நாடுகளில் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீ பனிக்காலத்தில் உறங்குவதில்லை. கோடையில் ஒரு கூட்டத்தில் ஐம்பதாயிரம் தேனீக்கள்வரை இருக்கும்; குளிர்காலத்துக்குள் நுழையும்போது அது பத்து, இருபதாயிரமாகச் சுருங்கிவிடும். கோடைக்காலத்து வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஐந்தாறு வாரம்தான். இலையுதிர்காலத்தில் பிறக்கும் தேனீக்களோ உடம்பில் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்துவைத்துக்கொண்டு ஐந்தாறு மாதம் தாக்குப்பிடிக்கும். வெளியே வெப்பம் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இவை ராணியை நடுவில் வைத்து ஒன்றோடொன்று நெருங்கித் திரளும். சிறகை அசைக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி என்றாலும் திரளின் நடுப்பகுதி கதகதப்பாகவே இருக்கும். வெளிவிளிம்பில் இருக்கும் தேனீக்களுக்கு எட்டு, பத்து டிகிரிதான் கிடைக்கும். அதற்கும் கீழே போனால் கால் மரத்துத் திரளிலிருந்து கழன்று விழுந்துவிடும்.

இந்தச் சூட்டுக்கான எரிபொருள் தேன். மேலே எழும் சூட்டைத் தொடர்ந்து திரளும் அடையில் மெல்ல மெல்ல மேல்நோக்கி நகர்ந்து, போகும் வழியில் இருக்கும் தேனைத் தின்றபடி போகும். மேலே ஏறுவது எளிது. பக்கத்து அடைக்குத் தாவ வேண்டுமானால் திரளைக் கலைத்துக்கொண்டு குளிரில் இறங்க வேண்டும். பத்து நாள் விடாமல் கடுங்குளிர் அடித்தால் அது நடவாது. காலடித் தேன் தீர்ந்ததும், பக்கத்துச் சட்டத்தில் தேன் இருக்க, கூட்டம் செத்துப்போகும்.

இன்னொரு விஷயம் புதிதாகத் தேனீ வளர்க்க வருபவர்களை ஏமாற்றிவிடும். மிகக் குளிரான மாதம் ஜனவரிதான். பட்டினிச் சாவு அதிகமாக நேர்வதோ பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும். பகல்பொழுது நீளத் தொடங்கியதும் ராணி மறுபடி முட்டையிடும். குஞ்சு வளர வேண்டுமானால் திரளின் நடுவில் 34, 35 டிகிரி சூடு விடாமல் இருக்க வேண்டும். டிசம்பரில் சிக்கனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் இப்போது இரண்டு மடங்குக்கு மேல் தின்னும். வெளியில் இன்னும் ஒரு பூ பூத்திருக்காது. வசந்தம் எட்டிப் பார்க்கிறது என்று வளர்ப்பவர் நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் பெட்டி காலியாகிக்கொண்டிருக்கும்.

அதனால் குளிர்காலத்தில் பெட்டியைத் திறக்காமலே கையிருப்பைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பெட்டியின் பின்புறம் அடிப்பலகையைப் பிடித்து ஒரு விரற்கடை அளவுக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். காஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தே இன்னும் எத்தனை நாள் வரும் என்று நம் வீடுகளில் சொல்லிவிடுவது போல, பழகிய கைக்குக் கனத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். கையை நம்பாதவர்கள் சாமான் எடைபோடும் கொக்கித் தராசை மாட்டி, ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி நிறுத்துக் குறித்துவைப்பார்கள். அமெரிக்காவின் வடமாநிலங்களில் ஒரு கூட்டத்துக்கு 27 முதல் 40 கிலோ தேன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குளிர் அவ்வளவு கடுமையில்லாத பிரிட்டனில் சுமார் 20 கிலோ. நிறைந்த பெரிய சட்டம் ஒன்றில் ஏறக்குறைய மூன்று கிலோ தேன் பிடிக்கும் என்பதால், சட்டங்களை எண்ணியே இலையுதிர்காலத்தில் கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்கு எங்கோ தப்பிவிட்டது, பிப்ரவரியில் பெட்டி இலேசாக இருக்கிறது என்றால்தான் அவசர உணவு.

அதில் முதலிடம் தேனுக்கே. பாட்டிலில் இருக்கும் தேன் அல்ல, அடையோடு இருக்கும் தேன். முன்யோசனை உள்ளவர்கள் கோடையிலேயே மூடிய தேனடைச் சட்டங்கள் இரண்டு மூன்றை எடுத்து, மெழுகு அந்துப்பூச்சியின் முட்டை சாவதற்காக ஃப்ரீஸரில் ஒன்றிரண்டு நாள் வைத்து, பிறகு எலி, எறும்பு அண்டாத இடத்தில் பத்திரப்படுத்திவிடுவார்கள். தேவைப்படும்போது அதை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, காற்றில்லாத ஒரு நண்பகலில் பெட்டியைத் திறந்து, திரளின் விளிம்பிலிருக்கும் காலிச் சட்டத்தை உருவிவிட்டு அந்த இடத்தில் செருக வேண்டும். ஃப்ரீஸர் குளிரோடு அப்படியே வைத்தால் திரளின் சூட்டை அது உறிஞ்சிவிடும். திரளிலிருந்து ஒரு சட்டம் தள்ளி வைத்தாலும் வைத்த பலன் இல்லை. மார்ச் மாதத்தில் செத்துக்கிடந்த கூட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த தேனும் அவ்வளவு தூரத்தில்தான் இருந்தது. மெழுகு மூடியை முட்கரண்டியால் இலேசாகக் கீறிவிட்டால் தேனீக்கள் உடனே வாய் வைக்கும்.

இப்படி ஒரு பெட்டியின் சட்டத்தை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதற்குப் பெரும்பாலும் வழியே கிடையாது. ஐரோப்பாவில் வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்தவர்கள் இலையுதிர்காலத்தில் கூடைகளைத் தூக்கிப் பார்ப்பார்கள். கனமானவற்றைத் தேனுக்காகக் கந்தகப் புகை போட்டுக் கொல்வார்கள். மிக இலேசானவை எப்படியும் குளிர்காலம் தாண்டாது என்று அவற்றையும் கொல்வார்கள். நடுத்தர எடையுள்ளவைதான் பிழைத்தன. 1851இல் அமெரிக்கப் பாதிரியார் லாரன்ஸோ லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீ அதை மெழுகாலோ பிசினாலோ அடைப்பதில்லை என்பதைப் பயன்படுத்திக் கழற்றி மாட்டும் சட்டப் பெட்டியை வடிவமைத்தார். அதன்பிறகுதான் பசித்த கூட்டத்துக்கு இன்னொரு கூட்டத்தின் தேனை அடையோடு கொடுப்பது எளிதாயிற்று.

அந்தச் சட்டமே இன்னொரு பழக்கத்துக்கும் வழி திறந்தது. 1865இல் ஃப்ரான்ஸ் ஹ்ருஷ்கா என்பவர், அடையைச் சிதைக்காமல் சுழற்றித் தேன் எடுக்கும் கருவியைச் செய்துகாட்டினார். பீட்ரூட் சீனியும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. தேனை முழுக்க எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சீனிப் பாகு வைக்கும் முறை தொழிலாக நிலைத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் சீனிக்கு ரேஷன் இருந்தபோதும், தேனீ வளர்ப்போருக்குக் குளிர்கால உணவுக்கென்று தனி ஒதுக்கீடு தரப்பட்டது.

சேமித்த தேனடை கையில் இல்லாதவர்களுக்கு அடுத்த வழி காய்ந்த சீனி. பாகு அல்ல. கடுங்குளிரில் தேனீ பாகைத் தொடாது. தொட்டாலும் அதிலுள்ள தண்ணீரை வற்றவைக்க அதனால் முடியாது. பெட்டிக்குள் ஈரம் கூடும், அந்த ஈரம் மூடியில் பட்டுக் குளிர்ந்து திரளின் மேல் சொட்டும். வறண்ட குளிரைத் தாங்கும் கூட்டம் நனைந்த குளிரைத் தாங்காது.

செய்முறை மிக எளிது. பெட்டியின் மேல்மூடியைத் திறந்ததும் சட்டங்களின் மேல்கட்டைகள் தெரியும். அவற்றின் மேல் இரண்டு மூன்று அங்குல உயரமுள்ள வெற்றுச் சட்டகம் ஒன்றை வைக்கிறார்கள். உள்ளே மேல்கட்டைகளின் மீது ஒரு செய்தித்தாளை விரிக்கிறார்கள். காற்று ஏறிவர ஓரத்தில் இடைவெளி விடுகிறார்கள். தாளின்மேல் தண்ணீரை இலேசாகத் தெளித்து, இரண்டு மூன்று கிலோ வெள்ளைச் சீனியைப் பரப்பி, அதன் மேலும் சிறிது தெளிக்கிறார்கள். ஈரம் பட்டுச் சீனி ஒட்டிக்கொள்ளாவிட்டால் தேனீக்கள் அதைக் குப்பை என்று நினைத்து ஒவ்வொரு மணியாக வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடும். மூடியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பழகியவர்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. திரள் மேலேறி வந்து தாளைக் கடித்து ஓட்டை போட்டுச் சீனியை எட்டும். தேனீக்களின் மூச்சிலிருந்து எழும் நீராவி சீனியில் படிந்து அதை இளக்கும். இதனால் பெட்டியின் ஈரமும் குறைகிறது.

பெட்டியைத் திறக்கும் நேரத்தை இன்னும் குறைக்க நினைப்பவர்கள் சீனிக் கட்டி செய்துவைக்கிறார்கள். சீனியில் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதைத் தட்டில் அழுத்தி இரண்டு மூன்று நாள் உலரவிட்டால் கல்லாக இறுகிவிடும். அடுப்பே வேண்டாம். பழைய குறிப்புகளில் சீனியைக் காய்ச்சும்போது எலுமிச்சைச் சாறு, வினிகர், டார்டார் உப்பு என்று ஏதாவது ஒரு புளிப்பைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் சீனியிலிருந்து ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரால் என்ற பொருள் உருவாகும். மனிதருக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது. தேனீக்கு அது நஞ்சு. அளவுக்கு மீறிச் சூடுபடுத்திய தேனிலும் இதுவே உண்டாகிறது.

இயற்கை முறை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு வெள்ளைச் சீனி உறுத்தும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று எவ்வளவோ இருக்க, ஆலைச் சீனியை ஏன் கொடுக்க வேண்டும்? மேலை நாடுகளிலும் பழுப்புச் சர்க்கரையை எடுத்துவந்து இதே கேள்வியைக் கேட்பவர்கள் உண்டு. விடை தேனீயின் குடலில் இருக்கிறது. தேனீ தன் கூட்டுக்குள் மலம் கழிப்பதில்லை. வெளியே பத்து, பன்னிரண்டு டிகிரியாவது இருக்கும் ஒரு நாளுக்காக வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்து, பறந்துபோய்க் கழித்துவிட்டு வரும். வெல்லத்திலும் பழுப்புச் சர்க்கரையிலும் நமக்கு நல்லது என்று நாம் மெச்சும் தாதுப்புகளும் மற்றக் கசடுகளும் தேனீயின் குடலில் செரிக்காமல் சேர்ந்துகொண்டே போகும். அடக்க முடியாத நிலை வந்ததும் பெட்டிக்குள்ளேயே கழிச்சல் போகும். அடை, சட்டம், வாசல் எங்கும் பழுப்புக் கறை படியும். ஏற்கெனவே நோய் இருந்தால் அந்தக் கறை வழியே கூட்டம் முழுக்கப் பரவும். வெள்ளைச் சீனி சக்கையில்லாத எரிபொருள். அதில் சத்தும் இல்லை, கசடும் இல்லை. சில வாரத்துக்கு அதுவே வேண்டும்.

கசடு உள்ள தேனும் உண்டு. சில காடுகளில் தேனீ பூவிலிருந்து அல்லாமல், மரத்திலுள்ள அசுவினிப் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து கருந்தேன் சேர்க்கும். மனிதர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கும் அந்தத் தேனில் தாது அதிகம் என்பதால், ஐரோப்பாவில் பலர் அதைக் குளிர்காலத்துக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். பொடித்த சீனியும் ஆகாது. கட்டிபிடிக்காமலிருக்கக் கடைப் பொடியில் மாவுச்சத்து கலந்திருப்பார்கள். மகரந்த உருண்டைக்கும் நடுக்குளிர் காலமல்ல. அதைக் கொடுத்தால் ராணி வேகமாக முட்டையிடும். பிறக்கும் குஞ்சுகளுக்குச் சூடும் தேனும் தேடிக் கிழத் தேனீக்கள் மாய்ந்துபோகும்.

கடையில் வாங்கிய தேன் இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. அமெரிக்கக் குஞ்சழுகல் என்ற நோயை உண்டாக்கும் பேனிபாசிலஸ் லார்வே என்ற பாக்டீரியாவின் வித்துகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் தாண்டியும் உயிரோடிருக்கும். அந்த வித்துள்ள தேனை நாம் தின்றால் ஒன்றும் ஆகாது. தேனீப் பெட்டியில் வைத்தால் புழுக்கள் அறைக்குள்ளேயே அழுகிச் சாகும். பல நாடுகளில் இந்த நோய் கண்ட பெட்டிகளைக் குழிவெட்டி எரித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே தேன் கொடுப்பதானால் தன் சொந்தப் பெட்டியின் தேன், அதுவும் நோயில்லாத கூட்டத்தின் தேன் மட்டுமே.

இவ்வளவும் சொன்னபிறகும் தேனும் சீனியும் ஒன்றாகிவிடாது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மே பெரன்பாமின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, தேனிலும் மகரந்தத்திலும் உள்ள பி-கூமாரிக் அமிலம் என்ற பொருள், நஞ்சுகளை முறிக்கும் மரபணுக்களைத் தேனீயின் உடலில் தூண்டிவிடுகிறது என்று காட்டியது. சீனிப் பாகில் அது கிடையாது. தேனைத் தின்பதும் சீனியைத் தின்பதும் தேனீயின் உடலில் வெவ்வேறு மரபணுக்களை இயக்குகின்றன என்று அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வு 2014இல் சொன்னது. பட்டினியில் இருக்கும் கூட்டத்தைச் சீனி ஏப்ரல்வரை கொண்டுசேர்க்கும். ஆண்டு முழுக்கச் சீனியிலேயே வளர்ப்பது வேறு கதை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகள் இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கின்றன. பருவத்தின் முடிவில் குளிர்காலம் தாண்டப் போதுமான தேனையும் மகரந்தத்தையும் பெட்டியில் விட்டுவைக்க வேண்டும். வானிலை காரணமாகக் கூட்டம் பிழைக்காது என்ற நிலை வந்தால் மட்டுமே உணவு கொடுக்கலாம். அதுவும் இயற்கை முறையில் விளைந்த தேன், மகரந்தம், சீனி, சீனிப் பாகு இவையாக இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பாதிரியார் எமில் வாரே, ஏழைகளும் சொந்தமாகச் செய்துகொள்ளட்டும் என்று வடிவமைத்த பெட்டியும் இந்த வழியில் யோசித்ததுதான். புதிய அடுக்குகளை அதில் கீழேதான் சேர்ப்பார்கள். தேனீ மேலிருந்து கீழாக அடை கட்டிக்கொண்டு வர, தேன் மேலேயே தங்கும். குளிரில் திரள் மேலேறும்போது தேன் அங்கே காத்திருக்கும். உச்சியில் வைக்கோலோ மரத்தூளோ நிரப்பிய ஒரு மெத்தைப் பெட்டி. சூட்டைக் காக்கும், ஈரத்தை உறிஞ்சும். சாதாரணப் பெட்டிகளிலும் இன்று பலர் இந்த மெத்தையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சூடு வீணாகாமல் இருந்தால் தேனும் குறைவாகவே செலவாகும்.

யாரும் உணவு கொடுக்காத காட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவுக்கு அருகில் உள்ள ஆர்னாட் காட்டில் 1970களிலிருந்து கவனித்துவந்தார். மரப்பொந்தில் புதிதாகக் குடியேறும் கூட்டங்களில் முதல் குளிர்காலத்தைத் தாண்டுபவை ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான். ஓராண்டு தாண்டிய கூட்டங்களோ, ஆண்டுக்கு ஐந்தில் நான்கு பிழைத்துவிடுகின்றன. கெட்டியான மரச்சுவரும் சிறிய வாசலும் கொண்ட பொந்தில் முந்தைய ஆண்டே கட்டிமுடித்த அடை இருப்பதால், இரண்டாம் ஆண்டில் முழுக் கோடையும் தேன் சேர்ப்பதற்கே கிடைக்கிறது. முதல் ஆண்டுக் கூட்டம் மெழுகு சுரக்கவே கணிசமான தேனைச் செலவழித்துவிடும். வளர்ப்பவர்களும் புதிதாகப் பிரித்த கூட்டங்களைத்தான் கூடுதலாகத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டுத் தேனீக்குப் பனி தெரியாது, பஞ்சம் தெரியும். மார்த்தாண்டம் பகுதியில் ரப்பர் மரம் துளிர்விடும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் தேன் காலம். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் சில மாதம் வரத்து நின்றுவிடும். அப்போது சீனியையும் தண்ணீரையும் சம அளவு கலந்த பாகைச் சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்கிவிடாமல் நின்று குடிக்க ஒரு குச்சியைப் போட்டுப் பெட்டிக்குள் வைப்பார்கள். அங்கே குளிர் இல்லாததால் பாகைக் குடிக்கவும் வற்றவைக்கவும் தேனீயால் முடிகிறது. இந்தியத் தேனீக்கு ஐரோப்பியத் தேனீயைவிட ஒரு வழி கூடுதலாகவும் உண்டு: பட்டினி என்றால் பெட்டியைக் காலிசெய்துவிட்டுக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். ஒன்டாரியோவின் பிப்ரவரியில் கிளம்பிப் போக இடம் கிடையாது.

அதனால் அங்கே சீனி வைக்கத் தொடங்கியவர்கள் நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கொருமுறை மூடியை விரலளவு தூக்கி மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். வில்லோவும் சிவப்பு மேப்பிளும் பூத்து, தேனீக்கள் காலில் மஞ்சள் மகரந்தத்தோடு வாசலில் இறங்கத் தொடங்கினாலும் அவசரப்படுவதில்லை. திடீர்க் குளிர் ஒரு வாரம் அடித்தால், பெருகிவிட்ட கூட்டத்தை அது கவிழ்த்துவிடும். டேன்டேலியன் பூக்கள் புல்வெளியெங்கும் மலர்ந்து மதுவரத்து நிலைத்தபிறகே மிச்சச் சீனியை வழித்தெடுக்கிறார்கள். தேன் அறையை மேலே ஏற்றுவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் சீனி தேனோடு கலந்து கோடை அறுவடைக்கே வந்துசேரும். எடுத்த சீனியைத் தண்ணீரில் கரைத்தால் இலையுதிர்காலத்துப் பாகுக்கு ஆகும். அறுவடையின்போது பெட்டிக்கு இரண்டு சட்டம் வீதம் தேனடையை ஃப்ரீஸருக்கு ஒதுக்கிவிட்டால் அடுத்த பிப்ரவரியில் செய்தித்தாளுக்கும் சீனிக்கும் வேலை இருக்காது.